பெயரில் மட்டும் ராஜகுமாரன்

கேள்வி: தென்னந்தோப்பில் ஊடுழவுக்குச் சிறிய டிராக்டர் வாங்க உத்தேசம். குபோட்டாவா, மஹிந்திராவா, வி.எஸ்.டி.யா? எது மக்கர் செய்யாது? எதற்கு உதிரிபாகம் சுலபமாய்க் கிடைக்கும்?
— ஒரு தோப்புக்காரர், பொள்ளாச்சி

பதில்: ஜப்பானிய குலத்தில் உதித்து, 24 குதிரைத்திறனும், மூன்று சிலிண்டர்களும், நான்கு சக்கர இழுவையும் வாய்க்கப்பெற்று, பரம சாதுவைப்போல் தோப்புக்குள் சஞ்சரிக்கும் குபோட்டா நியோஸ்டாரின் லக்ஷணங்களில் எனக்கு விவாதமே இல்லை. ஒற்றைச் சிலிண்டரோடு, அம்மிக்கல்லை உருட்டினாற்போல் தடதடக்கும் 15 குதிரைத்திறன் மஹிந்திரா யுவராஜோ, பெயரில் மட்டுமே ராஜகுமாரன். சுபாவத்தில் எளியவனாதலால், பிரித்து மாட்டுவதற்கு மகா பண்டிதர் எவரும் வேண்டியதில்லை. பெங்களூர் வி.எஸ்.டி.க்குப் பவர்டில்லர் விற்றுப் பழகிய கடைகளின் பந்துத்துவம் உண்டு. (புழுதி அடைத்த ஏர் ஃபில்ட்டரைத் துடைக்காதவரிடம் மூன்றுமே நோஞ்சான்தான்.)

ஆகவே, ஷோரூமுக்குள் பிரவேசிக்குமுன், உம்மூர் உதிரிபாகக் கடையில், நீர் விரும்பும் மாடலின் கிளட்ச் பிளேட்டும் ஹைட்ராலிக் ஆயில் சீலும் கேளும். கடைக்காரர் கை அலமாரிக்குப் போனால் முன்பணம் கட்டும், தொலைபேசிக்குப் போனால் உழவு மாடுகளை இப்போதைக்கு விற்றுவிடாதேயும்.