காதல் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும்

பிளாப்பியின் மூலையில் ஒரு சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், நினைவிருக்கிறதா? நகத்தால் நெம்பித் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். சதுர ஓட்டை திறந்துகொள்ளும். அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அதில் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாது, எழுத முடியாததால் வைரஸும் ஏற முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில், டேனரிக் கணக்கையோ காலேஜ் பிராஜெக்டையோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூர் பஜாரின் பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் அலைந்த எங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. பத்திரமாக இருக்கிறோம் என்பது விரலுக்கே தெரியும். இன்று வீட்டில் இருக்கும் பூட்டுகள் அதைவிட எவ்வளவோ கெட்டி. ஆனால் தொட்டுப் பார்த்து நிம்மதியடைய அவற்றில் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்தது. ஏலகிரி எக்ஸ்பிரஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, காட்பாடி தாண்டியும் கால் மரத்தும் இறக்கி வைக்க மனமில்லாமல், ஆம்பூர் ஸ்டேஷன் வரும்வரை அணைத்தபடி வந்த அந்தப் பையனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மா பழைய புடவையில் அதற்கு உறை தைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே எதிரி தூசி. அப்பாவுக்கு இடி, பாலாற்றுப் பக்கம் வானம் கறுத்தாலே "போன் வயரைப் பிடுங்குடா!" என்று குரல் வந்துவிடும். இன்டர்நெட் என்பது மணிக்கணக்கில் விலைக்கு வாங்குகிற பொருள், இரவு பத்துக்கு மேல் மோடம் கத்திக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கிடைப்பது. மிச்ச நேரம் முழுக்க அந்தப் பெட்டி உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் உறைக்குள் இருந்தது. பிடுங்கிய வயரைத் தாண்டி எந்தத் திருடனும் உள்ளே வர முடியாது.

பிறகு 2000-ஆம் ஆண்டு மே 4 வந்தது. மணிலாவில் கிளம்பிய ஒரு மின்னஞ்சல், 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு உலகத்தையே சுற்றியது. இணைப்பில் ஒரு காதல் கடிதம். பெயரின் கடைசியில் இருந்த 'விபிஎஸ்' என்ற மூன்று எழுத்தை விண்டோஸ் வழக்கப்படி மறைத்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது சாதாரண எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. திறந்தவுடன் அது போட்டோக்களை அழித்து அங்கே தன்னையே எழுதியது. அவுட்லுக்கில் இருந்த முகவரிகள் அத்தனைக்கும் அதே காதலை அனுப்பியது. ஷூ கம்பெனி ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த நண்பன், சரக்கு தாமதமானதற்குத் திட்டி மட்டுமே எழுதும் ஜெர்மன் வாடிக்கையாளர் திடீரென்று காதலைச் சொல்கிறாரே என்று வியந்து போனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறான். அந்த வைரஸை எழுதியவர் ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர். காசு கொடுத்து இன்டர்நெட் வாங்க முடியாமல் பிறருடைய கடவுச்சொற்களைத் திருடத்தான் செய்தேன் என்று இருபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். அன்று அவர் நாட்டில் அதற்கென்று சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அந்த ஆண்டு அக்டோபர் 17-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ். இன்டர்நெட்டில் நுழைந்த சற்று நேரத்தில் திரை நடுவே ஒரு பெட்டி முளைத்து, அறுபது வினாடியில் கம்ப்யூட்டர் அணையப்போகிறது என்று எண்ணத் தொடங்கும். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு... வீட்டில் எல்லாரும் கூடி நின்று பார்ப்போம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் அணைகிற கம்ப்யூட்டரில், டயல்-அப்பில் அதை எப்படி இறக்குவது? பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பாய் சென்னைக்குப் போய் அதை சிடியில் எழுதி வந்து தெருத்தெருவாகப் போட்டுக்கொடுத்தார். கூடவே, 1991-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7 நிறுவனத்தின் ஆன்டிவைரஸையும் ஏற்றினார். "பாய், இது எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். "ஊர் பூரா இருக்குதும்மா, உங்க வீட்டுக்கு மட்டுமா வந்துச்சு?" என்றார் பாய், டீயை வாங்கிக்கொண்டே. அம்மாவின் முகம் தெளிந்ததற்கு அந்த சிடியைவிட அந்தப் பதில்தான் காரணம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக், கேட்காமலேயே ஃபயர்வாலைப் போட்டு வைத்தது. இப்போது விண்டோஸிலேயே ஆன்டிவைரஸ் இருக்கிறது, திருத்தங்கள் நாம் தூங்கும்போது தாமாக ஏறிக்கொள்கின்றன. பாய்க்கு அந்த வேலை இல்லாமல் போய்விட்டது. நல்லதுதான். ஆனாலும், 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுபோயின என்பதை, பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு டீ குடித்தபடி எடுத்துச் சொல்ல ஆள் இல்லையே என்பதுதான் என் கவலை.

காதல் கடிதத்துக்குப் பதிலாக இப்போது கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கம் பத்திரிகை என்றால் இரண்டு பேர் வீடேறி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "குடும்பத்தோட வரணும்" என்று கையில் கொடுப்பது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. சில நேரம் படமாக இல்லாமல், பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்ற மூன்று எழுத்தோடு வருகிறது. தொட்டால் அது பத்திரிகை இல்லை, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து போனில் உட்காரும் செயலி. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியை நமக்கு முன்னால் அது படித்துவிடும். அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார், ஏனென்றால் முந்தின நாள் அவருக்கும் தெரிந்தவர் ஒருவரிடமிருந்துதான் அது வந்தது.

தோல் ஏற்றுமதிக்காரர்களுக்கு வருவது இன்னும் நயமானது. பல வருடம் பழகியவரின் பெயரில், பழைய பில் எண்ணோடு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் அனுப்புங்கள்' என்று ஒரு மெயில். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். டேனரியில் தரம் பிரிக்கிறவர் தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் மெல்லத் தடவி, உண்ணி கடித்த வடுவையும் கத்திக் கீறலையும் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பாரே, அந்தக் கை வேண்டும் இந்த மெயில்களைப் படிக்க. அது இல்லாதவர்கள் பழைய டைரியில் இருக்கும் போன் நம்பரில் அந்த மனிதரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பரில் அல்ல.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று உண்டு. அன்று கம்ப்யூட்டர் கெட்டால் தெருவே வந்து பார்த்தது. இன்று பணம் போனவர் வெட்கப்பட்டுக்கொண்டு, மனைவிக்குக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார். பணம் போன முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தால், பணம் கைமாறிக் காணாமல் போகும் முன்பு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

பேரணாம்பட்டில் இருக்கும் என் அத்தை எந்தப் பத்திரிகை வந்தாலும் திறப்பதில்லை. நேராக அனுப்பியவரைக் கூப்பிட்டு, "யாருக்குப்பா கல்யாணம்? பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்கிறார். கல்யாணம் உண்மையாக இருந்தால் விருந்துக்கு யார் சமையல் என்பது வரை பேச்சு போகும். இல்லாவிட்டால், யார் போனில் என்ன புகுந்தது என்பது சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.