கொசுவலைத் துடைப்பியல்: தொகைநிலை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மடிப்பாக்கத்தில், மூன்றாம் மாடி வீடொன்றின் பால்கனியைச் சுற்றி அடித்த கொசுவலையைத் துடைத்துப் பேணுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக் காலம் 6 ஆண்டுகள். அதில் வலையைத் துடைத்த நாட்கள் 4. எஞ்சிய நாட்கள் தரவு சேகரிப்பில் கழிந்தன. தரவு என்றது ஈண்டுப் புழுதியை.

இயல் 1: பெயராய்வு

மீன்வலை என்றால் மீனைப் பிடிக்கும் வலை. சிலந்திவலை என்றால் சிலந்தி பின்னிய வலை. இந்த முறைப்படி பார்த்தால் கொசுவலையும் கொசுவைப் பிடிப்பதாகவோ, கொசு பின்னியதாகவோ இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லை. ஆகவே இச்சொல்லை எப்படி விரிப்பது என்ற சிக்கல் எழுகிறது.

‘கொசுவும் வலையும்’ என்று உம்மைத்தொகையாக விரிக்கலாம். வலை அடித்த பிறகும் எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருந்ததால், தொடக்கத்தில் இவ்விளக்கத்தையே ஆய்வாளர் ஏற்றிருந்தார். ‘கொசுவுக்கு வலை’ என்று நான்காம் வேற்றுமைத்தொகையாகக் கொண்டால், காசு கொடுத்தவர் ஒருவர், பயனாளி வேறொருவர் என்றாகிவிடும். எனவே தமிழாசிரியர்கள் சொல்லக்கூடியது, ‘கொசுவைத் தடுக்கும் வலை’ என்பதே. இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘தடுக்கும்’ என்ற சொல் வெளியே தெரியாமல் உள்ளே தொக்கி நிற்கிறது.

உண்மையில் தொக்கி நிற்பது ‘தடுக்கும்’தானா என்பதே இவ்வாய்வின் ஐயம்.

ஈழத்தில் இதையே நுளம்பு வலை என்பர். கடைத்தெருவில் ‘நெட்லான்’ என்று கேட்டால்தான் எடுத்துப் போடுவார்கள். அது ஒரு வணிகப் பெயர். வனஸ்பதிக்கு டால்டா வாய்த்ததைப் போல வலைக்கு இது வாய்த்தது.

இயல் 2: முன்னோரும் அளவைகளும்

கொசுவலையின் பெருமையை நிறுவியவர்கள் லூயி சாம்பன், ஜார்ஜ் லோ என்னும் இரு மருத்துவர்கள். 1900 ஆம் ஆண்டு, ரோமுக்கு அருகே ஆஸ்டியா பகுதியின் சதுப்பு நிலத்தில், வலையடித்த குடிசை ஒன்றில் அவர்கள் மலேரியாப் பருவத்தைக் கழித்தார்கள். பகலில் வெளியே நடமாடினார்கள். அந்தி சாயுமுன் உள்ளே போய்க் கதவடைத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் காய்ச்சலில் விழ, இவ்விருவரும் நலமாகத் திரும்பினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்டு ராஸ். அவருக்கு 1902 இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவின் வயிற்றைப் பார்த்தவருக்கு நோபல். கொசுவலையைத் துடைப்பவருக்கோ கேட்டு வாங்கினால்தான் காபி. அறிவுலகின் இந்த ஓரவஞ்சனையை ஆய்வாளர் பதிவு செய்ய விரும்புகிறார்.

இனி அளவை. எங்கள் வலை கண்ணாடி இழை நூலுக்கு பி.வி.சி. பூச்சுப் பூசியது. ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண்ணும் மறுபக்கம் 16 கண்ணும் உண்டு. ஆகச் சதுர அங்குலத்துக்கு 288 கண். சதுர அடிக்கு 41,472. பால்கனியின் முகப்பு 10 அடி அகலம், 8 அடி உயரம். பெருக்கினால் 33,17,760 கண்கள். இந்திரனுக்கு ஆயிரம் கண்ணாம். அவற்றைத் துடைக்கும்படி மனைவி அவரிடம் சொன்னதாக எந்தப் புராணமும் பேசவில்லை.

கண் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிது. கொசு நுழையாது, காற்று நுழையும். ஆனால் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நூலே அடைத்துக்கொள்கிறது. வாங்கிய அன்றே காற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வழிதான். மீதியைப் புழுதி பார்த்துக்கொள்ளும்.

இயல் 3: அழுக்கின் வகைப்பாடு

முதலாவது, நிலத்து அழுக்கு. எங்கள் பேட்டையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. பக்கத்து ஊரின் பெயர் புழுதிவாக்கம். அப்பெயரின் காரணத்தை வரலாற்றாசிரியர்கள் எப்படியும் விளக்கட்டும். எங்கள் வலைக்கு அதில் ஐயமே இல்லை.

இரண்டாவது, அடுக்களை அழுக்கு. தாளிக்கும் எண்ணெய் ஆவியாகி வந்து நூலில் பிசுக்காகப் படியும். புழுதி தானாக ஒட்டாது. அதை ஒட்ட வைப்பது இந்தப் பிசுக்கே. ஆகவே கடுகு வெடிக்கும் வீட்டில் வலை சீக்கிரம் கறுக்கும்.

மூன்றாவது, பண்டிகைக் கரி. தீபாவளிப் புகை ஒரு பூச்சு, போகிப் புகை மறு பூச்சு.

நான்காவது, உயிரினக் கொடை: பல்லி எச்சம், புறா இறகு, சிலந்தி நூல். கொசுவலை மேல் சிலந்திவலை கட்டியிருப்பதைக் கண்டு ஆய்வாளர் நெகிழ்ந்தார். நாம் கொசுவைத் தடுக்க மட்டுமே அறிவோம்; சிலந்தி அதைப் பிடிக்கவும் அறியும். இந்தத் துணைவலையைக் கலைக்க வேண்டாம் என்று அவர் முன்வைத்த வாதம், குடும்ப அவையில் விவாதமின்றி நிராகரிக்கப்பட்டது.

இயல் 4: உலர்நெறியும் ஈரநெறியும்

துடைப்பியலில் இரு பள்ளிகள் உண்டு. ஈரநெறியின் முதல்வர் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. “சார், பைப்ப வச்சு அடிச்சா ரெண்டு நிமிசம்” என்பது அந்நெறியின் ஒரே சூத்திரம். முதலாம் ஆண்டு அதைப் பின்பற்றினோம். உலர்ந்த புழுதி தண்ணீர் பட்டதும் சேறாகி, கண்ணுக்குக் கண் அப்பி, காய்ந்து, வலை சுவராயிற்று. எஞ்சிய சேறு இரண்டாம் மாடி மாமா காயப்போட்டிருந்த வேட்டியில் இறங்கியது. வேகமாக அடித்த தண்ணீரில் வலை தொய்ந்து, ஓரத்தில் ரப்பர் பீடிங்கும் பிதுங்கி வந்துவிட்டது.

ஆகவே உலர்நெறியே முதலில். சட்டத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் படுக்கப் போட வேண்டும். பெயிண்ட் அடிக்கும் மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். ஈர்க்குமாறு ஆகாது, அதன் குச்சி கண்ணைக் குத்தும். பூந்துடைப்பமும் ஆகாது, அது புழுதியை எடுத்துக்கொண்டு பூவை விட்டுவிட்டு வரும். வாக்குவம் கிளீனர் உள்ளவர்கள் பிரஷ் முனையைப் போட்டு இழுக்கலாம்.

ஈரநெறி அதன் பின்பு. அரை வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு தேக்கரண்டி. ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் விலக்கு. அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்து கண்ணாடி இழை வெளியே வரும். பிறகு விரல்தான் அரிக்கும். பால்கனியை நோக்கிய ஜன்னலின் கழற்ற முடியாத வலைக்கு ஆள் இருவர் தேவை. ஒருவர் உள்ளிருந்து ஸ்பாஞ்சை வைத்துத் தாங்க, மற்றவர் பால்கனியில் நின்று துடைக்க வேண்டும். அப்போதுதான் வலை தொய்யாது. ஆய்வாளரும் அவர் மனைவியும் இவ்வாறு எதிரெதிரே நின்ற காட்சி, சிறையில் மனு போட்டுக் கைதியைப் பார்ப்பதை ஒத்திருந்தது. உள்ளே இருந்தவர் யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

“ஏங்க, துடைக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?” என்ற கேள்வி வலையின் கண்கள் வழியே தடையின்றி வந்தது. காற்றோட்டம் சீராகிவிட்டதற்கு இதையே முதல் சான்றாகக் கொண்டோம்.

இயல் 5: ஓட்டையியலும் பிறவும்

33 லட்சம் ஓட்டைகள் உள்ள ஒரு பொருளில், ஓட்டை விழுந்துவிட்டது என்று வருந்துவது தத்துவச் சிக்கல். ஆயினும் அணில் கடித்த ஓட்டை, ஊதுபத்தி சுட்ட ஓட்டை, பந்து தைத்த ஓட்டை என மூன்று கண்டறியப்பட்டன. நூல் விலகியிருந்தால் ஊசி முனையால் நகர்த்தி நேராக்கலாம். அறுந்திருந்தால் நைலான் நூலால் தைக்கலாம். ஆய்வாளரின் மாமியார் ஓட்டையின் இருபுறமும் ஒட்டுப்பொட்டு வைத்து ஒன்றோடொன்று ஒட்டவிட்டார். அழகாகவே இருந்தது. முதல் மழைக்குப் பின் பொட்டு நெற்றி மாறிக் கீழ்வீட்டு ஜன்னலில் காணப்பட்டது.

ஜன்னல்களில் வெல்க்ரோ வைத்து ஒட்டிய வலைக்கு வேறு நோய். அதன் கொக்கிகளில் முடியும் பஞ்சும் சிக்கினால் பிடிப்பு போய்விடும். இதற்குப் பேன்சீப்பு கைகண்ட மருந்து. பால்கனியின் தள்ளுசட்டம் ஓடும் தடத்தில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் தவறு. அன்று வழுக்கும், அடுத்த வாரம் அந்த எண்ணெயே புழுதியைப் பிசைந்து களியாக்கிவிடும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். தடத்தின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவற்றை ஊக்கால் குத்தித் திறந்துவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் இது தவறக்கூடாது.

இயல் 6: கண்டுபிடிப்பு

நான்காவது துடைப்பு போகிக்கு மறுவாரம் நிகழ்ந்தது. மேற்கண்ட நெறிகள் அனைத்தும் வழுவின்றிக் கடைப்பிடிக்கப்பட்டன. சட்டங்களைக் கழற்றி ஒரு பகல் முழுவதும் காயவைத்து மாட்டினோம். ஓட்டை ஒன்றுகூட இல்லை. வலை இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. புறா ஒன்று வந்து முட்டிவிட்டுப் போனது.

பத்தாம் நாள் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கையில், பட்டப்பகலில், கணுக்காலில் கடி விழுந்தது. காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு. ஒன்றல்ல, ஒரு கூட்டம்.

துளசித் தொட்டிக்குப் பின்னால், அலசுவதற்கென்று பிடித்து மிச்சம் வைத்த அரை வாளி நல்ல தண்ணீர். அதில் கொசுப் புழுக்களான கூத்தாடிகள் தலைகீழாகத் தொங்கின, நெளிந்தன, குதித்தன. கூத்தாடி என்று பெயர் வைத்தவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் தொட்டதும் பொரியும். நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சிறகு முளைத்துவிடும். சட்டம் கழற்றியிருந்த அந்தப் பகலில் ஒருத்தி வந்துபோயிருக்கலாம்; அல்லது பரணிலிருந்து இறக்கிய வாளியிலேயே முட்டை காத்திருந்திருக்கலாம்.

எப்படியாயினும், பிறந்தவை எதுவும் வெளியே போகவில்லை. போக முடியவில்லை. 33,17,760 கண்களில் ஒன்றுகூடப் பழுதில்லை. ஆய்வாளரின் வேலைத் திறத்துக்கு இதைவிட நடுநிலையான சான்று கிடைக்காது.

முடிவுரை

இயல் 1 இல் எழுப்பிய ஐயம் இப்போது தீர்கிறது. கொசுவலை இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தொக்கி நிற்கும் பயன் ‘தடுக்கும்’ என்பதா, ‘வளர்க்கும்’ என்பதா என்பது வலையைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. பக்கத்தில் வாளி கவிழ்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இம்முடிவை ஆய்வாளர் தம் மனைவியிடம் விரிவாக எடுத்துரைத்தார். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.