உண்டலும் உண்டல் நிமித்தமும்: பினாங்குத் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

திணை வகுத்தோர் மலைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று நிலத்தைப் பங்கிட்டுவிட்டுப் போனார்கள். விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறவனை எந்தத் திணையில் வைப்பது என்று சொல்லவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. களம், மலேசியாவின் பினாங்குத் தீவு. ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டருக்குள் 833 மீட்டர் மலையும் சுற்றிலும் கடலும் கிடப்பதால், காலையில் குறிஞ்சி, மாலையில் நெய்தல் என ஒரே நாளில் திணைமயக்கம் காண வசதியான ஊர்.

கருப்பொருளில் தகராறு இல்லை. விலங்கு, கையிலிருக்கும் பையைக் குறிவைக்கும் நீள்வால் குரங்கு. பறை, இரும்புக் கடாயில் கரண்டி மோதும் ஓசை. தகராறெல்லாம் உரிப்பொருளில்தான். காண்டலே உரிப்பொருள் என்பர் ஒரு சாரார். ஏறலே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா, உண்டலும் உண்டல் நிமித்தமுமே அது என்பது எம் துணிபு.

முதலில் காண்டல் கட்சி. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது என்பது இவர்களது வலுவான சான்று. ஆர்மீனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் சைக்கிளில் போகும் இரு குழந்தைகளைச் சுவரில் வரைந்தார். குழந்தைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். அதனருகே நின்று படமெடுக்க ஒரு வரிசை நிற்கும். அவ்வரிசையில் காது கொடுத்தால் ஓவியம் பற்றிய பேச்சு அரிது. மதியச் சாப்பாடு எங்கே, அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், நேற்றைய கடை பரவாயில்லையா என்பனவே பேச்சு. ஆகவே காண்டல் உண்டலின் நிமித்தம் என்க.

ஏறல் கட்சியார் இன்னும் பிடிவாதக்காரர்கள். மலேசியத் தமிழர் கொடிமலை என்று அழைக்கும் பினாங்கு மலைக்கு 1923இலிருந்து கம்பிவட ரயில் ஓடுகிறது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாறவேண்டும். 2011இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் மேலே. ரயிலில் போனவனை நடந்து போனவன் மதிப்பதில்லை. தாவரவியல் பூங்கா அருகிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஜீப் பாதையில் வியர்வை சொட்ட ஏறியவன், உச்சியில் ரயிலிலிருந்து சட்டை கசங்காமல் இறங்குகிறவனைப் பார்க்கும் பார்வையைத் தனி ஆய்வாகவே எழுதலாம்.

ஆனால் கணக்கு யாருக்கும் இரங்காது. எழுபது கிலோ எடையுள்ளவர் எழுநூறு மீட்டர் ஏறினால் அவர் செய்யும் வேலை சுமார் 115 கலோரி. உடம்பு தான் எரிப்பதில் ஏறக்குறைய கால்பங்கையே வேலையாக மாற்றும் என்பதால், செலவு 460 என்று தாராளமாகவே வைப்போம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் இதே முறையில் கணக்கிட்டால், படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் எனக் கொண்டு, அரை வடை தேறும். (அங்கே ஏறுவோர் வடைக்காக ஏறுவதில்லை, அவர்களை ஆய்விலிருந்து விலக்கிவிட்டோம்.) மலையேறி இறங்கியவனோ "இன்னிக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் தகும்" என்று பிரகடனம் செய்துவிட்டு மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் உட்காருகிறான். மலையேற்றம் பசியைத் தருவதைவிட அனுமதியைத் தருவதே அதிகம் என்பது இதனால் பெறப்படும்.

ஆயர் ஈத்தாமில் அவன் உண்பது அசாம் லக்சா. இவ்விடத்தில் ஆய்வாளர் சற்றுத் தங்கவேண்டியிருக்கிறது. கெம்போங் மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்து, புளிப்பேறிய சாற்றில் கரைத்துவிடுவார்கள். அதில் வழவழவென்ற தடித்த அரிசிச் சேமியா. மேலே வெள்ளரியும் அன்னாசியும் மெல்லிசாக நறுக்கி, வெங்காயம், புதினா, பூங்கா கந்தான் எனப்படும் இஞ்சி இனப் பூமொட்டு. கரண்டியோரம் கருப்பாக, கெட்டியாக, இனிப்பும் உப்புமாய் ஓர் இறால் கூழ். அதை ஒரேயடியாகக் கலக்கிவிடுபவர் அவசரக்காரர். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பவரே ஊர்க்காரர் என்று தோன்றுகிறது.

"அஃதேல், உண்ண ஒன்றுமில்லாத காட்டுக்கும் போகிறார்களே" எனின், நன்று கேட்டாய். தெலுக் பகாங் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராசுட் கடற்கரைக்கு வேரும் படியுமாக நடந்தால், ஆமைகள் முட்டையிட வரும் கரையையொட்டி ஓர் ஏரி உண்டு. மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலப்பதில்லை. அறிவியலார் வியந்து நிற்கும் இடம். நம் பயணியும் வியக்கிறான். ஆனால் திரும்பும்போது படகு பிடிக்கிறான். ஏன் படகு? இரவு நாசி கண்டாருக்கு நேரமாகிவிட்டது.

நாசி கண்டார் கடையில் ஏரியின் தத்துவம் செல்லாது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு எல்லாம் ஒரே சோற்றின்மேல் கலந்து இறங்கும்.

"அண்ணே, குழம்பு கொஞ்சமா."

"கொஞ்சமா ஊத்தினா அது நாசி கண்டாரா தம்பி? பஞ்சிர் போட்டுடறேன்."

பஞ்சிர் என்றால் வெள்ளம். சோறு தீவாகிறது, வெண்டைக்காய் கரை ஒதுங்குகிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு காலத்தில் இச்சோற்றையும் குழம்பையும் தோள்தடியில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய் விற்றார்கள். அன்று சுமை விற்பவர் தோளில். இன்று உண்பவர் வயிற்றில். மலையில் சேர்த்த 460 கலோரி இங்கே எந்தக் கரண்டியோடு தீர்ந்தது என்று ஆராயத் தட்டில் தடயம் எஞ்சுவதில்லை.

இத்திணைக்கும் பாலை உண்டு. தேடிப் போன கடையின் இரும்புக் கதவு இறங்கி, அதில் 'துத்துப்', அதாவது மூடியாயிற்று, என்று அட்டை தொங்கும் நிலை அது. தலைவன் வெயிலில் நின்று அந்த அட்டையை இருமுறை வாசிக்கிறான். பிறகு எதிர்க்கடையில் போய் ஒரு தட்டு சார் குவே தியோ நூடுல்ஸுக்குச் சொல்கிறான். இதைப் பரத்தையிற் பிரிவு என வகைப்படுத்துவாரும் உளர். தலைவியும் உடன் அமர்ந்து, தனக்கொரு தட்டு, இறால் கூடுதலாக, என்று கேட்டதால் அவ்வகைப்பாடு ஈண்டு ஏற்கப்படவில்லை.