ஆலையில்லா ஊரும் லூவா சர்க்கரையும்

இலுப்பைக்கடவை என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று யாராவது நக்கலடிப்பார்கள். நக்கல் பொய்யுமில்லை. 1990களில், போர்க்காலத்தில், வட இலங்கையில் எங்கள் பக்கம் பெற்றோலுக்குத் தடை. ஏ-32 வீதியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு, குலதெய்வத்தை நினைத்து உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். மிச்சத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருபவர் பாடு புகையோடு.

உலகத்தின் மறுபக்கத்திலும் ஓர் ஆலையில்லா ஊர் இருந்தது. 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுக் கணினிக்கும் மென்பொருளுக்கும் பிரேசில் தானே வேலி போட்டுக்கொண்டது. வேலி விழுந்த பிறகும் 'நாங்களே செய்வம்' என்ற வீம்பு விழவில்லை.

அங்கே தொல்லை கொடுத்ததே பெற்றோல் கொம்பனிதான். பெற்றோபிராஸ் பொறியியலாளருக்காக ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் டெல், சோல் என்று இரண்டு குட்டிக் கணினி நிரல்மொழிகளைச் செய்தார்கள். இரண்டும் போதவில்லை. 1993இல் இயெருசலிம்ஸ்கி, ஃபிகெய்ரேடோ, செலெஸ் மூவரும் அவற்றை ஒன்றாக்கினார்கள். போர்த்துக்கேயத்தில் சோல் என்றால் சூரியன். அது சரிவராததால் புதியதற்கு லூவா, அதாவது சந்திரன், என்று பெயர்.

சி மொழியில் எழுதிய செயலி எஞ்சின். லூவா அதற்குள் ஊற்றும் மண்ணெண்ணெய். எஞ்சினைக் கழற்றாமலே ஓட்டத்தை மாற்றலாம். நடுவில் ஓர் அடுக்கு உண்டு. செயலி முதலில் செயற்கூற்றை வைத்து, அதன்மேல் மதிப்புகளை வைத்து, 'ஓட்டு' என்னும். லூவா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, விடையை அதே அடுக்கில் வைக்கும். காப்போடு அழைத்திருந்தால், கோளாறு வந்தாலும் செயலி விழாது. பிழைச்செய்தி மட்டும் அடுக்கின்மேல் குந்தியிருக்கும்.

பல மொழிகள் பூச்சியத்தில் எண்ணத் தொடங்க, லூவா ஒன்றில் தொடங்கியது. படித்தவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். நெல் அளக்கையில் ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்பவர்களுக்கு இது ஒரு குற்றமா?

பிறகு ஆலைக்காரரே பூவுக்கு வந்தார்கள். 1998இல் 'கிரிம் ஃபன்டாங்கோ' விளையாட்டு, 2004இல் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்', 2013இல் விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள் பலவற்றுக்குள்ளும் ஓடுவது லூவாதான்.

நாங்களோ பெற்றோல் வந்ததும் மண்ணெண்ணெயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரேசில்காரர் பூவை விடவேயில்லை. அதையும் சும்மா கொடுக்கிறார்கள். இனி அந்தப் பழமொழியை ஆலை உள்ள ஊரில் போய்ச் சொல்லுங்கள்.