கேட்காமல் வாங்குவது எப்படி? புது மாப்பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகிவிட்டதா? போவதற்குக் கம்பெனி பஸ், வருவதற்குப் புறநகர் ரயில், பி.எஃப். பிடித்தம் போக மாசம் பிறந்தால் கையில் ஒரு தொகை. வீட்டில் உங்கள் ஜாதகத்தை எடுத்து மஞ்சள் தடவி வைத்தாயிற்றா? அப்படியானால் உங்களுக்கு இப்போது ஒரு புல்லட் தேவைப்படும். சொந்தச் சம்பளத்தில் வாங்க முடியாது என்றில்லை. தவணை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்து, வாரக் கடைசியில் நண்பர்களோடு சூலூர்பேட்டை, தடா பக்கம் போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மூன்று வருஷத்தில் வண்டி உங்களுடையது. ஆனால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பெண் பார்த்துக் கல்யாணம் முடிக்க மூன்று மாதம் போதும்.

இந்தப் பக்கத்தில் சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் சிறுவாபுரி முருகனிடம் போவார்கள். ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் போக வேண்டும், கூட்டத்தில் நசுங்க வேண்டும், கல்லை அடுக்கி வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். மாமனாரிடம் அந்தச் சிரமமே இல்லை. அவரே தட்டில் பழமும் பூவும் ஏந்திக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்: “மாப்பிள்ள வீட்ல என்ன எதிர்பாக்குறீங்க?” முருகன் இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். “நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க பாத்து செய்றதுதான்.”

இதை உங்கள் வீட்டில் யார் எழுதியது என்று தேடாதீர்கள். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிய வாக்கியம் இது, அம்மிக் குழவி மாதிரி. இதில் உள்ள வேலைப்பாட்டைப் பாருங்கள். ‘எதுவும் கேக்கல’ என்றதுமே நீங்கள் பெருந்தன்மைக்காரர் ஆகிவிட்டீர்கள். ‘உங்க பொண்ணுக்கு’ என்றதும் 350 சிசி வண்டியும் ஒன்றரை டன் ஏசியும் அந்தப் பெண்ணுக்காக வாங்கப்படும் பொருள்களாகிவிட்டன. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. உயிர்நாடி ‘பாத்து’ என்ற சொல்லில் இருக்கிறது. எதைப் பார்த்து? உங்கள் அண்ணன் கல்யாணத்தைப் பார்த்து, எதிர்வீட்டு நிச்சயதார்த்தத்தைப் பார்த்து, உங்கள் டிப்ளமோவைப் பார்த்து, நாளைக்கு உங்கள் அம்மா முகத்தில் அந்தப் பெண் விழிக்கப்போவதைப் பார்த்து. விலைப்பட்டியல் மொத்தமும் இரண்டரை எழுத்தில் அடங்கிவிட்டது. பெண்ணின் அப்பா இந்தச் சொல்லைச் சரியாகவே படிப்பார். அன்று ராத்திரி அவர் தூங்கமாட்டார்.

இந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லக்கூடாது, மாப்பிள்ளை. அது முக்கியம். அம்மாவைச் சொல்ல வையுங்கள். பட்டியலை அத்தை சொல்லட்டும், அதுவும் பழைய கதைபோல: “எங்க பெரியவனுக்கு வந்தவ பன்னெண்டு சவரன் போட்டுட்டு வந்தா. நாங்க கேக்கவே இல்ல, அவங்களா செஞ்சாங்க.” தரகர் வெளியே செருப்பு மாட்டும்போது தனியாக ஒரு வார்த்தை போடுவார்: “பையனுக்கு வண்டி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு பேசிக்கிட்டாங்க.” யார் பேசிக்கொண்டார்கள் என்று அந்த வாக்கியத்தில் இருக்காது. எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமைக்க நம் மொழி தரும் வசதிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இத்தனையும் நடக்கும்போது நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாளைக்கு அந்தப் பெண் கேட்டால்? “அம்மா பேசினது, எனக்கு என்ன தெரியும்.” 1,600 டிகிரியில் கொதிக்கும் இரும்பை ராத்திரி ஷிஃப்டில் தனியாக நின்று ஊற்றுகிறவர் நீங்கள். வீட்டு ஹாலில் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொல்ல வராதா என்று யாராவது கேட்கலாம். கேட்டால் கோபப்படுங்கள். பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று பெயர் கிடைக்கும்.

ஆந்திரா பக்கத்துச் சம்பந்தம் என்றால் இதற்குக் கட்னம் என்று பெயர், வெளிப்படையாகவே பேசிவிடுவார்கள். நமக்கு அந்த அநாகரிகம் வேண்டாம். நம்முடையது சீர்.

எந்த வண்டி என்பதில் பிடிவாதம் வையுங்கள். புல்லட் ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கில்லை. 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மெட்ராஸில் தொடங்கியது, திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டி. உங்கள் ரயில் தினமும் தாண்டிப்போகிற ஸ்டேஷன்தான். 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஏசிக்கும் அப்படியே. அரசாங்கம் மாமனாருக்குக் கொடுத்த சலுகை என்று யாராவது தப்பாக நினைத்துவிடப்போகிறார்கள். விலை குறைந்த அளவுக்கு அடுத்த மாடலுக்கு ஏறிக்கொள்ளுங்கள்.

நகையை ஒருநாளும் ரூபாயில் பேசாதீர்கள், சவரனில் பேசுங்கள். 2025 பிறந்தபோது சவரன் 58,000 ரூபாய்க்குள் இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் லட்சத்தைத் தொட்டது. தை மாதம் ‘பத்து சவரன்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த தையில் கல்யாணம் வைத்துக்கொண்ட தகப்பனுக்கு, வெற்றிலை பாக்கு மாற்றிய தட்டு காய்வதற்குள் கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. நீங்கள் ஒரு குன்றிமணி கூட அதிகம் கேட்கவில்லை. சொன்னதைத்தானே கேட்கிறீர்கள்!

பணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயவேண்டாம், சாப்பிடும்போது சமையற்கட்டை எட்டிப் பார்ப்பது மாதிரி அது. இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அவருடைய பி.எஃப்.பில் கல்யாணத்துக்கென்று எடுக்கும் முன்பணம். கொஞ்சம் அடகுக் கடை. கொஞ்சம் மாமியார் பெயரில் மகளிர் குழு லோன், அதற்கு வாரத் தவணை, தவணை நாளில் தெருத் திண்ணையில் ஆள் வந்து உட்காரும். மிச்சம் சீட்டு. சிப்காட்டின் உருக்காலைகளிலும் கம்பி ஆலைகளிலும் வேலைபார்க்கிற பீகார், ஒடிசாப் பையன்களோடு டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பான் ஒருவன். உங்களுக்கு அதில் ஒரு சகோதர பாசம் தோன்றலாம். அவன் கொடுக்கிற பக்கம், நீங்கள் வாங்குகிற பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதையும் எழுதிவைக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கல்யாண மண்டபத்தில் வாசலோரம் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கவரைப்பேட்டை மாமா 501, ஊத்துக்கோட்டை பெரியப்பா 1,001, வேலைசெய்கிற இடத்தில் ஆறு பேர் சேர்ந்து 600 என்று ஊர், பேர், தகப்பன் பேர் சகிதம் மொய் நோட்டில் ஏறும். இருபது வருஷம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டித் திருப்பி வைப்போம். நூறு ரூபாய்க்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் இனம் நாம். அதே மண்டபத்தின் வாசலில் ரிப்பன் கட்டி நிற்கிற இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் எந்த நோட்டிலும் ஒரு வரி இருக்காது. எழுதினால் திருப்பிச் செய்யவேண்டும் என்று அர்த்தம், அதனால்தான். இத்தனைக்கும் எழுதச் சொல்லி 1985லிருந்து மத்திய அரசின் விதி இருக்கிறது: கேட்காமல் வந்த பரிசாகவே இருந்தாலும் பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு பட்டியலை நான் போய்வந்த கல்யாணங்களில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தி மெனு அச்சடித்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்று ஒன்று வந்துவிட்டதால் அதையும் தாண்டிவிடுவோம். 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம், 1984இலும் 1986இலும் இறுக்கிக் கட்டியது. வாங்கினால் குறைந்தது ஐந்து வருஷம் சிறை, 15,000 ரூபாயோ வாங்கியதன் மதிப்போ எது அதிகமோ அது அபராதம். கேட்டாலே ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம். நாம்தான் கேட்கவில்லையே என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் இந்தக் கையேட்டுக்கே ஆபத்து. வரதட்சணை என்றால் என்ன என்று சொல்லுமிடத்தில், நேராகவோ சுற்றிவளைத்தோ என்று சேர்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால், கல்யாணத்தன்று, அதற்குப் பிறகு எப்போதானாலும் சரி என்றும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் அம்மாவின் பெருமூச்சு, அத்தையின் பழங்கதை, தரகர் செருப்பு மாட்டும்போது போட்ட வார்த்தை, நீங்கள் பார்த்த செல்போன் எல்லாம் அந்த ‘சுற்றிவளைத்து’ என்ற ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கொடுப்பதும் குற்றம்தான் என்று மாமனாரை மிரட்டிப் பார்க்கலாம். பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போட முடியாது என்று ஏழாம் பிரிவில் அந்த வழியையும் அடைத்துவைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் நம் வீட்டு ஹாலில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

கல்யாணத்தோடு முடிவதில்லை. ஆடி, தலை தீபாவளி, பொங்கல், சீமந்தம், காதுகுத்து. காலண்டர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சமாசாரம் மட்டும் கையேட்டில் வராது, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ரயில் நிற்கிற பொன்னேரியில், 2025 ஜூன் கடைசியில், கல்யாணமாகி நான்காம் நாள் ஒரு பெண் இறந்துபோனாள். பேசிய நகையில் ஒரு சவரன் குறைந்தது, ஏசி கேட்டார்கள் என்பது பெற்றவர்கள் சொன்ன புகார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் நடந்த சாவு என்பதால் கோட்டாட்சியர் விசாரணை. அதே வாரத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு பெண். அங்கே பேச்சு 300 சவரன், வால்வோ கார். ஒன்றுக்கும் முந்நூறுக்கும் நடுவில் எவ்வளவு வசதி வித்தியாசம் இருக்கிறது! கேட்டுப் பழகிய வாய் மட்டும் ஒன்று. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு உத்தரப் பிரதேச வழக்கில் கேட்கப்பட்ட பொருள்கள் இவை: கலர் டிவி ஒன்று, மோட்டார் சைக்கிள் ஒன்று, ரொக்கம் 15,000. அந்தப் பெண் இறந்தது 2001இல். டிவியும் வண்டியும் கிடைத்திருந்தால் இந்த 24 வருஷத்தில் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும், ஒருவேளை நம் கும்மிடிப்பூண்டி உலைக்கே வந்து சேர்ந்திருக்கும்.

இவ்வளவு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 1998இல் எனக்கும் இதே சிப்காட்டில்தான் வேலை. பெண்வீடு ஆவடி. மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்காரர், சொந்தப் பட்டறை இல்லை, கூலிக்கு. பேச்சு நடந்த அன்று நான் வாயே திறக்கவில்லை. என் அப்பாதான் சொன்னார்: “பையனுக்கு ஷிஃப்ட் வேல. ராத்திரி ரயில விட்டா விடியற வரைக்கும் ஸ்டேஷன்லயே கெடக்கணும்.” அதில் வண்டி என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். அப்போது என் கையில் செல்போன் கிடையாது, நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வந்து நின்றது. கல்யாணத்தன்று வாங்கிய எதையும் மூன்று மாதத்துக்குள் பெண் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்.

பல வருஷம் கழித்து, ஒரு தீபாவளிக்கு ஆவடி போயிருந்தபோது, இலையில் சாதம் போட்டுக்கொண்டே மாமியார் வேறு ஏதோ பேச்சில் சொன்னார்: “மாடிக்குத் தளம் போட்டது எப்பன்னா, அந்த வண்டிச் சீட்டு முடிஞ்சுதே, அந்த வருஷம்.” குறை சொல்லவில்லை. புயல் அடித்த வருஷம், பெரியவள் பிறந்த வருஷம் என்பதுபோல அந்த வீட்டில் வண்டிச் சீட்டு முடிந்த வருஷம் என்று ஒன்று இருந்திருக்கிறது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐம்பது மாதச் சீட்டு, மாதம் 1,000. ஐம்பது மாதமும் மாமனார் ஆவடி ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போய் வந்திருக்கிறார்.

அந்த வண்டியை 2011இல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். 9,000 ரூபாய் போட்டுக்கொண்டார்கள். அதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.