வேண்டாத யானை

கேள்வி: ‘யானை இல்லாத அறை’ என்று எழுதிக் கொடுத்தாலும், செயற்கை நுண்ணறிவு சில சமயம் யானையையும் சேர்த்தே சித்திரம் தீட்டுகிறதே, ஏன்?

பதில்: 2022-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற யந்திரங்கள், இணையத்தில் படங்களோடு சேர்ந்திருந்த கோடிக்கணக்கான குறிப்புகளைக் கொண்டே பாஷைக்கும் ரூபத்துக்கும் உள்ள சம்பந்தத்தைக் கற்றன. படத்தில் இருப்பதை வர்ணிப்பதே உலக வழக்கமாதலால், இல்லாததைச் சொல்லும் வாக்கியங்களை அவை அபூர்வமாகவே கண்டிருக்கின்றன. ஆகவே, நாமத்தைச் சொன்ன மாத்திரத்திலேயே யானை பிரசன்னமாகிவிடுகிறது. பக்தர்களுக்கு இறைவன்கூட இத்தனை சீக்கிரம் காட்சி தருவதில்லை! வேண்டாதவற்றுக்கென்றே உள்ள எதிர்மறைக் கட்டத்தில் யானையை எழுதி, சித்திரத்துக்கு மூலமான தாறுமாறான புள்ளிகளை, அதாவது ஆரம்ப இரைச்சலை, நிர்ணயிக்கும் விதை எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு சக்தி என்பது பிரத்தியட்சமாகும்.