நம்பர் கூடின ரோடு

(ஆவடி போகும் ஷேர் ஆட்டோ, அம்பத்தூர் ஓ.டி. தாண்டி நிற்கிறது. சாயங்காலம் ஆறரை. முன் சீட்டில் டிரைவரை ஒட்டி நகர் நலச் சங்கச் செயலாளர். மடியில் சுருட்டிய மேப்.)

செயலாளர்: இந்த ரோட்டுக்கு மொத்தம் மூணு ஆப்ஷன் இருக்குப்பா.

டிரைவர்: எந்த ரோட்டுக்கு சார்? 205-க்கா, 716-க்கா?

செயலாளர்: ரெண்டும் ஒண்ணுதானே! தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புது நம்பர் கொடுத்தப்போ நம்ம சென்னை - திருவள்ளூர் ஹை ரோடு, அதான் சி.டி.எச். ரோடு, 205-லேர்ந்து 716 ஆச்சு.

டிரைவர்: அத்ததான் சொல்றேன். அகலம் கூடல, நம்பர் 511 கூடிச்சு. அந்த 511-ல ஒரு பத்த எடுத்து அடியா ரோட்டுல உட்டிருந்தா இந்நேரம் ஆவடில டீ குடிச்சிருப்பேன்.

செயலாளர்: கிண்டல் பண்ணாதே. ஆப்ஷன் ஒண்ணு, பாடியிலேர்ந்து திருநின்றவூர் வரைக்கும் இருக்கிற ரோட்டையே அகலப்படுத்துறது. இருபது கிலோமீட்டருக்கு மேலே வரும். ஆப்ஷன் ரெண்டு, தூண் போட்டு மேலே ஒரு ரோடு. ஆப்ஷன் மூணு, ஊருக்கு வெளியே சுத்திப் போற புறவழி. அதுல மூணு-ஏ, மூணு-பின்னு ரெண்டு.

டிரைவர்: ஆப்ஷனுக்கும் நம்பர் ஏறுதா? சூப்பர் சார். ரோடு மட்டும்தான் ஏற மாட்டேங்குது.

செயலாளர்: எனக்கு மூணாவதுதான் சரின்னு படுது. யாருக்கும் தொந்தரவு இல்லை பாரு.

டிரைவர்: வெளிய ஏற்கெனவே ரெண்டு வளையம் கீது சார். தாம்பரத்துலேர்ந்து அம்பத்தூரு வழியா புழலுக்குப் போற பைபாஸ் ஒண்ணு. நெமிலிச்சேரில குறுக்கால வர்ற வண்டலூர் - மீஞ்சூர் ரோடு ஒண்ணு, 62 கிலோமீட்டரு. ரெண்டும் நம்ம ரோட்டை வெட்டிக்கினு போவுதே தவிர நம்ம கூட எதுவும் வர்ல. தெக்கேர்ந்து வடக்கே போறவன் பறக்குறான். கெயக்கேர்ந்து மேக்கே போறவன் என்னாண்ட குந்திக்கினு ஆப்ஷன் பேசுறான்.

செயலாளர்: அதனாலதான் மூணாவது வளையம்ங்கிறேன்.

டிரைவர்: பின்னாடி சீட்ட பாரு சார். அந்தப் பொண்ணு பட்டாபிராம். அம்பத்தூரு தொழிற்பேட்டை எஸ்டேட்ல வேலை முடிஞ்சு வருது. 1964-ல எஸ்டேட்டு வந்ததுலேர்ந்து இந்த ஜனம் இப்டித்தான் போய் வருது. இத்த ஊரைச் சுத்தி எங்க கூட்டிகினு போவ? இந்த ரோட்டுல நிக்கிறவன் முக்காவாசிப் பேரு இந்த ரோட்டுலயே ஏறி இந்த ரோட்டுலயே எறங்குறவன். திருப்பதி போற பஸ்ஸு மூணு-பில போவட்டும். கீரைக்கட்டு போவுமா?

செயலாளர்: நீ இந்த மேப்பைப் பார்த்துட்டுப் பேசு. (விரிக்கிறார். பாதி மேப் டிரைவரின் மூக்குக்கு முன்னால் வருகிறது. வண்டி நகராததால் ஆபத்தில்லை.) பச்சைக் கோடுதான் மூணு-ஏ.

டிரைவர்: இங்க ஏன் சார் வளையுது?

செயலாளர்: அங்கே ஒரு கல்யாண மண்டபம்.

டிரைவர்: இங்க?

செயலாளர்: தனியார் காலேஜ்.

டிரைவர்: தோ, இங்க பாம்பாட்டம் நெளியுதே?

செயலாளர்: அது... கொஞ்சம் பெரிய இடம்ப்பா.

டிரைவர்: அப்பால ஸ்கேலு வெச்ச மாரி நேராப் போவுதே, அது இன்னா எடம்?

செயலாளர்: ஏரி.

டிரைவர்: ஏரியாண்ட மட்டும் ஏன் வளையல?

செயலாளர்: ஏரி தரப்புலேர்ந்து ஆட்சேபணை எதுவும் வரலையே.

டிரைவர்: வரும் சார். அது மனு எழுதித் தராது, வக்கீல் வெக்காது. கார்த்திகைல ராத்திரி ரெண்டு மணிக்கு நேரா வூட்டுக்குள்ள வந்து ஆட்சேபணை குடுக்கும். பீரோவுல அடித்தட்டு வரைக்கும் குடுக்கும்.

செயலாளர்: சரி, ஆப்ஷன் ஒண்ணையே எடுத்துக்கோ. கருத்துக் கேட்டோம். ஆச்சரியமா, எல்லாருமே ஒரே கருத்துதான் சொன்னாங்க.

டிரைவர்: இன்னா?

செயலாளர்: கட்டாயம் அகலப்படுத்தணும். எதிர்ப்பக்கமா.

டிரைவர்: எதிர்ப்பக்கத்துக்காரன்?

செயலாளர்: அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. ஒற்றுமையான ஊரு.

டிரைவர்: அந்த 511-ஐ நடுவுல பிரிச்சு ஆளுக்கு 255 அடியா குடுத்துடலாமா சார்?

செயலாளர்: நிலம் எடுக்கிறது விளையாட்டில்லைப்பா. 2013 சட்டப்படி சந்தை மதிப்பைப் போட்டு, அதுக்கு மேலே நூறு சதவீதம் ஆறுதல் தொகை வேற தரணும். கட்டுப்படியாகாது.

டிரைவர்: தள்ளிப் போட்டா நெலம் வெலை கொறையுமா?

செயலாளர்: ஏறும்.

டிரைவர்: ஏறினா?

செயலாளர்: இன்னும் கட்டுப்படியாகாது. வேற ஆப்ஷன் ஆராய்வோம்.

டிரைவர்: ஆராயற வரைக்கும் குறி போட்ட எடத்துல மாடி மேல மாடி ஏறும். அதுக்குப் பிளான் யாரு பாஸ் பண்றது? மொதல்ல செவப்புப் பெயின்ட்ல குறி போட்டான். அது வெளுத்ததும் மஞ்சள். இப்ப நீலம். எங்க அண்ணன் கடைச் செவுரு மாரியம்மன் கோயில் வளைவு கணக்கா கீது. வாடகைக் கடை சார். நஷ்டஈடு வந்தாலும் செவுருக்காரனுக்குத்தான். எங்க அண்ணனுக்கு இன்னான்னு எந்த ஆப்ஷன்லயாவது போட்டுக்கீதா?

(இங்கே ஒரு தண்ணி லாரியின் ஹாரனில் செயலாளரின் பதில் மூழ்கிவிட்டது. நஷ்டம் ஒன்றுமில்லை.)

செயலாளர்: ...அதோட, மெட்ரோ வேற பேசிட்டிருக்காங்க. கோயம்பேட்டிலேர்ந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியா பட்டாபிராம் வரைக்கும். அது வந்துட்டா இந்த ரோடே காலியாயிடும்.

டிரைவர்: வரட்டும், நல்லதுதான். தூண எங்க நடுவான்? பூந்தமல்லி ரோட்டுல தூண் நட்ட வருஷங்கள்ல வண்டி எப்டிப் போச்சுன்னு அங்க ஓட்டினவனைக் கேளு. அது நம்மத விட அகலமான ரோடு. இத்த அகலப்படுத்தாம நடுவுல தூண் நட்டா மிச்சம் இன்னா கீது? ரெண்டு பக்கமும் டிச்சுதான்.

செயலாளர்: உனக்கு வரலாறு தெரியாது. 1955-ல இதே ஆவடியில காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிசப் பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்ட மண்ணுப்பா இது. நல்லதெல்லாம் மெதுவாத்தான் வரும்.

டிரைவர்: அது வந்துடுச்சே சார்! பாரு, அரைக்கோடி ரூபா காரும் நிக்குது, மீன்பாடி வண்டியும் நிக்குது. எல்லாரும் ஒண்ணு.

செயலாளர்: அப்படிப் பார்த்தா...

டிரைவர்: எப்டியும் பாக்காத. பின்னாடி ஆம்புலன்ஸ் கத்துறது கேக்குதா? உள்ள யாரோ படுத்துக்கினு கீறாங்க. அவங்களுக்கு எந்த ஆப்ஷன் சார்? ஒண்ணா, ரெண்டா, மூணு-ஏவா? நடுரோட்டுல பள்ளம் இருக்குதுன்னு வண்டிய ஒடிச்ச பையன் லாரி சக்கரத்துல போனா பேப்பர்ல ‘கவனக்குறைவு’ன்னு போடுறான். யாரு கவனம் கொறஞ்சுச்சு? பள்ளத்தைப் பாத்தவனுக்கா, பள்ளத்தை உட்டவனுக்கா? ஸ்கூல் புள்ள ரோட்டைத் தாண்ட எடமில்லாம கைய நீட்டி லாரிய நிறுத்துது சார். லாரி நிக்கலன்னா? இந்த மேப்ல நாலு கலர்ல கோடு கீது. அந்தப் புள்ள தாண்டுறதுக்கு ஒரு கோடு கீதா காட்டு!

(சிறிது நேரம் ஹாரன்கள் மட்டும்.)

செயலாளர்: கோபப்படாதேப்பா. உன் யோசனைதான் என்ன, சொல்லேன்.

டிரைவர்: ஒரு தடவ குறி போடு, ஒரே கலர்ல. குறிக்குள்ள எவனுக்கும் பிளான் பாஸ் பண்ணாத. பணத்த கைல குடு, வாடகைக்காரனுக்கும் சேத்து, அப்பால இடி. மண்டபத்துக்கு வளையாத. அது வரைக்கும் பஸ்ஸு ஒதுங்க நாலு எடம், ஜனம் தாண்ட நாலு எடம், ரோட்டுல நீட்டிக்கினு கீற படிக்கட்டு, சாய்தளம், ஜெனரேட்டரு அத்தினியும் காலி. இதுக்கு நெலமே எடுக்க வாணாம்.

செயலாளர்: (பேனா எடுத்து) பிரமாதம். இதை ஆப்ஷன் மூணு-சின்னு சேர்த்துடுறேன்.

டிரைவர்: சேத்துக்க. மொதல்ல தோ, அந்த ஸ்வீட் ஸ்டால் காம்ப்ளக்ஸ்லேர்ந்து ஆரமிக்கலாம். படிக்கட்டு எட்டடி ரோட்டுக்கு வந்து நிக்குது. அதனாலதான் இந்த எடத்துல ஒரே ஒரு வண்டி போவுது. எவனோட பில்டிங் சார் அது?

செயலாளர்: அது... சொந்த உழைப்புல கட்டினதுப்பா.

டிரைவர்: உன்னுதா!

செயலாளர்: படிக்கட்டுன்னு பொதுவா சொல்லக் கூடாது. பாரம்பரியமா இருக்கிற படிக்கட்டு வேற. எதிர்ப்பக்கம் பாரு, அங்கே இடம் நிறைய இருக்கு. சரி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்து, நான் இங்கேயே இறங்கிக்கிறேன்.

டிரைவர்: அரை மணியா நின்னுகினுதான் சார் கீது.